நிறுத்துவதற்கு முன்

பஞ்சிகாவத்தையில் ரிஃப்கான்
என் காரின் டேர்போவைக் கழற்றி
நேற்றைய பத்திரிகை மேல் வைத்திருந்தான்.
எண்ணெய் கசியச் சுருண்டு கிடந்தது
ஓர் இரும்பு நத்தை.

"ஆட்டிப் பாருங்க மிஸ்."
தண்டைப் பிடித்து ஆட்டினேன்.
விழப்போகும் பால்பல்லின் ஆட்டம்.

"நிமிஷத்துக்கு ரெண்டு லட்சம் சுத்து.
அதத் தாங்குறது மெல்லிசா ஒரு எண்ணெப் படலம்,
வேற ஒண்ணுமில்ல."
ரெண்டு லட்சம் என்றதும்
விலையைத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன்.
விலை அதைவிட எண்பதாயிரம் கூட.

ஆயிரம் சீசீக்குள் என்றால் வரி குறைவு
என்றுதான் வாங்கினேன்.
மூன்று சிலிண்டர். நான்கின் வேலை.
எங்கள் கம்பனியிலும் அப்படித்தான்:
நிமலேந்திரன் கனடா போன மறுநாளே
அவனுடைய டார்கெட்டை
மிச்ச மூவருக்கும் பிரித்துத் தந்தார்கள்.
ஊதி ஊதி ஓடுகிறோம்.

பொரளையில் ஒரு டொக்டர்,
நாரஹேன்பிட்டியில் இருவர்,
கொட்டாஞ்சேனையில் பூட்டப்போகும் பாமசி.
மாதிரி மாத்திரைப் பையோடு
ஒரு நாளில் பதினேழு தடவை நிறுத்தி
பதினேழு தடவை இறங்கி ஓடுபவள் நான்.

"அதுதான் மிஸ். கொதிக்கக் கொதிக்க
பட்டன அமத்திட்டுப் போயிடுறீங்க.
எண்ண நின்ன இடத்துலயே கரியாகுது.
வந்து சேந்தாலும் ஒரு நிமிஷம்
சும்மா ஓட விடுங்க."

லீசிங் முடியும் வரையாவது தாங்குமா என்றேன்.
"அது தெரிஞ்சா நான்
லீசிங் கம்பனில்ல வச்சிருப்பேன்."

வெள்ளவத்தை ஒழுங்கையில், என் கார் நிற்கும் இடத்துக்கு முன்னால்
ஞானரூபனின் டீசல் வான்.
கிலோமீற்றர் மானி ஒருமுறை முழுதாய்ச் சுற்றி
பூச்சியத்துக்குத் திரும்பி வந்த வான்.
விடிய மூன்று மணிக்குக் கட்டுநாயக்காவுக்கு ஹயர் என்றால்
திறப்பைப் பாதி திருப்பிவிட்டு இருப்பான்,
மஞ்சள் சுருள் விளக்கு அணையும் வரை.
பிறகு ஒரு இருமல்.
பிறகு பக்கத்து வீட்டு வெள்ளைச் சீருடைகளில் கறுப்புப் பொட்டுகள்.
புகைப் பரிசோதனையில் இரண்டு முறை தோற்று
மூன்றாம் முறை எப்படித் தேறியது என்று
நான் கேட்பதில்லை.

"டீசல் முடிஞ்சுது எண்டு
பத்து வருசமாச் சொல்லுறாங்கள்.
முடிஞ்சது மூண்டு நாள்தான்,
அதுவும் கப்பல் வராததால."
அந்த மூன்று நாளும் காலி வீதி வரிசையில்
அவனுக்குச் சோறு கொண்டுபோனவள் நான்.
வானுக்குள் படுத்திருந்தான், காலை ஜன்னலால் நீட்டி.

ஆனால் போன கிழமை
குருநாகலில் இருந்து வாங்க வந்தவர்
புகைக்குழாய்க்குள் விரல் விட்டார்,
விரலைப் பார்த்தார்,
லேஞ்சியில் துடைத்துக்கொண்டு
தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போனார்.
அன்றிரவு ஞானரூபன் வானைக் கழுவினான்.
உள்ளேயும்.

அவனுடையது புறப்படு முன் காக்கச் சொல்கிறது.
என்னுடையது வந்து சேர்ந்த பின்.
எங்கள் இருவருக்கும் நடுவில்
ஒரு நாளின் தூக்கம் அவ்வளவும் கிடக்கிறது.

முன்வீட்டுப் பல்டொக்டர் மின்சாரக் கார் எடுத்திருக்கிறார்.
வருவதும் கேட்காது, நிற்பதும் கேட்காது.
வயரைச் செருகிவிட்டு உள்ளே போய்விடுகிறார்.
அந்த ஒரு நிமிடத்தை அவர்
எங்கே வைக்கிறாரோ.

இரவு ஒன்பது பத்து.
புது டேர்போ, பழைய கடன்.
மடியில் பை. கைபேசி கவிழ்த்தபடி.
காலையிலிருந்து முதல் தடவையாக
யாருக்கும் எதையும் விற்கவில்லை.

மேலே பல்கனியில் மகன்:
"அம்மா, ஏன் இறங்காம இருக்கிறீங்கள்?"

முப்பத்தெட்டு.
முப்பத்தொன்பது.